இரண்டு இருமல்

பேக்கரியில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பவளுக்குத் தெருக்காரர்கள் வைத்த பெயர் பூட்டக்கா. அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது. ஒரு விஷயம் அவள் காதில் விழுந்தால் விழுந்ததுதான். அதற்கப்புறம் அது தெருவில் நடமாடியதாக யாரும் சொல்ல முடியாது. பல்லைக்கூடப் பிடுங்கிவிடலாம், அந்தம்மாவின் வாயைப் பிடுங்க முடியாது என்பார் மருந்துக்கடைக்காரர். அப்படிச் சொல்லிக்கொண்டே தன் பங்குக்கு ஒரு ரகசியத்தைக் கொட்டிவிட்டும் போவார்.

ரொட்டி வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். தையல்காரர் மனைவி ஒரு பன்னுக்கு வருவாள். கண்ணாடிப் பெட்டியின் மேல் முழங்கையை ஊன்றி, பின்னால் யாரும் இல்லையே என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு, "அக்கா, உங்ககிட்ட மட்டுந்தான் சொல்றேன்" என்று ஆரம்பிப்பாள். காலேஜுக்குப் போவதாகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் மகன், பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலேயே பொழுதைக் கழித்துவிட்டுத் திரும்புகிற கதை வரும். அவன் அப்பாவுக்குத் தெரிந்தால் கத்தரிக்கோலோடு துரத்துவார் என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். டீச்சரம்மா வருவார். பரீட்சைப் பேப்பரைத் தான் திருத்துவதில்லை, வேலையில்லாமல் வீட்டில் கிடக்கிற புருஷன்தான் திருத்துகிறார் என்று குசுகுசுப்பார். மருந்துக்கடைக்காரரோ, தான் விற்கிற மாத்திரையில் ஒன்றைக்கூட இதுவரை வாயில் போட்டதில்லை, பயம் என்பார்.

பூட்டக்கா எல்லாவற்றுக்கும் "ம்" என்பாள். காகிதத்தை மடித்து, நூல் சுற்றி முடிச்சுப் போடுவாள். பாரம் இறங்கிய நிம்மதியில் அவர்கள் படியிறங்கிப் போகும்போது அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருப்பாள். உதட்டின் ஒரு ஓரம் மட்டும் கீழே இறங்கும். தன் வயிற்றில் தங்காததை அடுத்தவள் வயிற்றில் கொண்டுவந்து கொட்டுகிற ஜென்மங்களை அவள் ஒருநாளும் மதித்தது கிடையாது. அவர்கள் மேல் பிரியம் வைத்தா ரகசியத்தைக் காப்பாற்றினாள்? இந்தக் கும்பலில் நான் ஒருத்தி இல்லை என்று தனக்குத்தானே காட்டிக்கொள்வதில் அவளுக்கு ஒரு ருசி இருந்தது, அவ்வளவுதான்.

அவள் கணக்கில் எல்லோருக்கும் கீழே இருந்தவள் நாத்தனார். அவள் புருஷன், அந்தக் கடையில் ரொட்டி போடும் மாஸ்டரின் ஒரே தங்கை. கட்டினவனோடு ஒத்துவராமல் பிரிந்து வந்து, சைக்கிள் கடைக்கு மாடியில் ஒற்றை அறையில் இருந்தாள். காலையில் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி டீக்கடை டீக்கடையாக ரொட்டி போடுவது அவள் வேலை. ரொட்டியோடு ஊர்க்கதையும் போடுவாள். ஒரு கடையில் கேட்டதை அடுத்த கடையில் கைகால் வைத்துச் சொல்லிச் சிரிக்க வைப்பாள். மைக்செட் என்று டீக்கடைக்காரர்கள் வைத்த பெயருக்கு அவளே பதில் கொடுப்பாள், வெட்கங்கெட்டவள். காலையில் ரொட்டி வேகும்வரை அடுப்படியில் அண்ணன் பக்கத்தில் நின்று வாய் ஓயாமல் வம்பளந்துகொண்டிருப்பாள். முன்பக்கம் இருந்து அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பூட்டக்காவுக்கு எரியும்.

மாஸ்டர் அதிகம் பேசமாட்டார். மாவும் விறகும்தான் அவருக்கு உலகம். அடுப்பு என்றால் வீட்டு அடுப்பு இல்லை, செங்கல்லால் கட்டிய ஒரு குகை. உள்ளே விறகை எரித்து, தணலை ஒதுக்கி, சாம்பலைக் கூட்டித் தள்ளிவிட்டு, அந்தச் சூட்டிலேயே ரொட்டி வேக வேண்டும். விறகு ஈரமாக இருந்தால் ஒரு சூடு, காய்ந்திருந்தால் ஒரு சூடு. கடிகாரத்தைப் பார்த்து ரொட்டி எடுப்பவனை மாஸ்டர் சமையல்காரன் என்றுகூடச் சொல்லமாட்டார். முதலில் புளித்த மாவின் வாசனை வரும். அது போய் ஆவி வாசனை வரும், அப்போது தட்டுகளை இடம் மாற்றித் திருப்பி வைக்க வேண்டும். பிறகு ஒரு இனிப்பு வரும். அந்த இனிப்பு கருகப்போவதற்குக் கொஞ்சம் முன்னால் வறுத்த கடலை மாதிரி ஒன்று வரும். அந்த நிமிஷம் எடுத்தால்தான் ரொட்டி. அவர் மூக்கு அதை எத்தனையோ வருஷமாகத் தவறவிட்டதில்லை.

கடை அவர்களுடையது இல்லை. முதலாளிக்கு ஊரில் இன்னும் சில கடைகள் உண்டு. அடுப்புக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளை மாஸ்டருக்கு என்று கொடுத்திருந்தார். வேலை இருக்கும்வரை வீடு. மற்றக் கடைகளில் கரண்ட் அடுப்பு போட்டாகிவிட்டது. வரும்போதெல்லாம், "வயசாயிருச்சுன்னா சொல்லிருங்க மாஸ்டர், கூச்சப்படாதீங்க" என்று தோளில் தட்டிவிட்டுப் போவார். அந்தத் தட்டலின் அர்த்தம் பூட்டக்காவுக்கு நன்றாகவே தெரியும்.

மழை தொடங்கிய புதிதில் மாஸ்டர் காய்ச்சலில் படுத்தார். எழுந்தார், வேலைக்கு நின்றார், எல்லாம் பழையபடி நடந்தது. அப்புறம் ஒருநாள் நாத்தனார் யாரோ சிநேகிதி வீட்டுக் கல்யாணத்துக்கென்று வெளியூர் போயிருந்தாள். அன்று காலை சுவரில் இருந்த சின்ன ஜன்னல் வழியாகப் பன் தட்டு முன்பக்கம் வந்ததும் பூட்டக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்னில் மண்ணெண்ணெய் நாற்றம். ஈர விறகைப் பற்றவைக்க வைத்திருந்த டப்பா சாய்ந்து மாவு மூட்டையின் அடி நனைந்திருந்தது. மாஸ்டர் அந்த மாவையே எடுத்துப் பிசைந்து, உருட்டி, வேக வைத்து அனுப்பியிருந்தார். அவள் வாசலில் நின்ற ஆட்களிடம் அடுப்பு இடிந்துவிட்டது என்று ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பிவிட்டு உள்ளே போனாள்.

"என்னங்க, இதுல அடிக்கிற நாத்தம் உங்களுக்குத் தெரியலையா?"

மாஸ்டர் பன்னை வாங்கி மூக்கருகே வைத்தார். பிட்டு வாயில் போட்டு மென்றார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லுவதை நிறுத்தினார்.

"தெரியல."

"சளியா?"

"சளியெல்லாம் இல்ல. காய்ச்சல் விட்டதுலேருந்து ஒண்ணும் தெரியல. மூக்குன்னு ஒண்ணு முகத்துல இருக்கு, அவ்வளவுதான். சாப்பிட்டா மரத்தூளைத் தின்னுற மாதிரி இருக்கு."

"அப்ப இத்தனை நாளா எப்படி ரொட்டி எடுத்தீங்க?"

"ஏதோ... பழக்கத்துல."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார்கிட்ட சொல்லப் போறேன்?" என்று அவர் சாக்கடையில் ஓடும் மழைத் தண்ணீரைப் பார்த்தார்.

பூட்டக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இவ்வளவு பெரிய உடம்பு, ஒரு மூக்கு வேலை செய்யவில்லை என்று கட்டினவளிடம் சொல்லத் துப்பில்லை. பன்னை எல்லாம் சாக்குப்பையில் கட்டிக் கொல்லையில் போட்டு மூடினாள். "இனிமே வாயைத் திறக்காதீங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அவள் பார்த்துக்கொண்ட விதம் இதுதான். முன்பக்கம் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாக வரும் வாசனையைப் பிடிப்பாள். ஆவி வாசனை வந்ததும் ஒருமுறை இருமுவாள். மாஸ்டர் தட்டைத் திருப்புவார். கடலை வாசனை வந்ததும் இரண்டு முறை இருமுவாள். மாஸ்டர் ரொட்டியை வெளியே எடுப்பார். எதிரே நிற்பவர்கள் ஒன்றும் அறியாமல், "நெஞ்சுல கட்டியிருக்கா அக்கா?" என்று கேட்பார்கள். மருந்துக்கடைக்காரர் ஒரு பாட்டில் டானிக்கைக் கொடுத்து, "நான் குடிச்சதில்ல, ஆனா நல்லதுன்னு சொல்றாங்க" என்றார். வாங்கி வைத்துக்கொண்டு, அவர் போனதும் உதட்டைச் சுழித்தாள். கண்ணெதிரே நடப்பது தெரியாத இந்தக் கூமுட்டைகள் ரகசியம் பேச வந்துவிட்டார்கள்!

முதல் வேலையாக நாத்தனாரை அடுப்படியில் இருந்து துரத்தினாள். "உனக்கு இங்க என்ன வேலை? வெந்ததும் நானே ஜன்னல்ல தர்றேன், வெளியிலேயே நின்னு வாங்கிக்க" என்றாள். நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் மாவைப் பிசைந்துகொண்டிருந்தார். "சரி அண்ணி" என்று சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மழை வலுத்து, சுவர் எல்லாம் ஓதம் ஏறி, மாவு பொங்குவதற்கு ஈரப் போர்வையைச் சூடு காட்டிப் போர்த்த வேண்டியிருந்த வாரத்தில் பூட்டக்காவுக்கு நிஜமாகவே சளி பிடித்துக்கொண்டது. மூக்கு அடைத்துக்கொண்டது. அதோடு போயிருந்தாலாவது பரவாயில்லை, இருமலும் வந்தது. டீச்சரம்மா தன் புருஷன் ஒரு வகுப்புக்கே தப்பாக மார்க் போட்டுவிட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது தொண்டையில் கரகரப்பு ஏறியது. பல்லைக் கடித்து அடக்கினாள். முகம் சிவந்தது. கடைசியில் அடக்க முடியாமல் இரண்டு முறை வெடித்துவிட்டது. பின்னால் அடுப்பின் இரும்புக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவள் எழுந்து ஓடுவதற்குள் மாஸ்டர் அத்தனை ரொட்டியையும் வெளியே இழுத்துவிட்டார்.

மேலே வெளுப்பு, உள்ளே பச்சை மாவு. வேறு ரொட்டி இல்லாததால் திரும்ப உள்ளே தள்ளி ஏதோ நிறம் வரவைத்து அனுப்பினார்கள். ஒரு மணி நேரத்தில் நாத்தனார் பெட்டி நிறையத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"டீக்கடைக்காரர் வெட்டிப் பாத்துட்டு, இதை வெச்சு ஜன்னல் கண்ணாடி ஒட்டலாம்னாரு. முதலாளிக்கும் சொல்லிட்டாராம். ரெண்டொரு நாள்ல வந்து பாக்கறேன்னாராம்."

"நீ என்ன சொன்ன?"

"விறகு ஈரம்னேன்" என்றாள் நாத்தனார்.

அன்று பூட்டக்கா நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆளாக யோசித்தாள். சளி விடும்வரை அடுப்படியில் நிற்க ஒரு மூக்கு வேண்டும். அந்த மூக்குக்குக் கீழே ஒரு வாய் இருக்கும், அதுதான் தொல்லை. தையல்காரர் மனைவியா? பெற்ற பிள்ளையின் மானத்தையே பன் வாங்க வந்த இடத்தில் அவிழ்த்தவள். டீச்சரம்மாவா? புருஷனை விற்றவள். மருந்துக்கடைக்காரரா? சொந்த வியாபாரத்தையே காட்டிக்கொடுத்தவர். யோசிக்க யோசிக்க, தெருவே தன்னிடம் வந்து கொட்டியிருந்தும் தான் கொட்ட ஒரு ஆள் இல்லை என்பது தெரிந்தது. அதில் அவளுக்கு வருத்தம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நம்பிக்கைக்கு உகந்த ஒரு ஜீவன் இல்லாத தெருவில் வந்து மாட்டிக்கொண்டோமே என்று நினைத்தாள். கடைசியில் அடுப்படிக்கு வந்துபோகக் காரணம் சொல்லத் தேவையில்லாத ஒரே ஆள் மிஞ்சினாள்.

கொல்லைக் குழாயடியில் நாத்தனார் ரொட்டித் தட்டுகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பூட்டக்கா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போய் நின்றாள்.

"உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுங்க அண்ணி."

"முதல்ல ஒண்ணு காதுல வாங்கிக்க. இது வெளிய போச்சுன்னா உங்க அண்ணனும் நானும் நடுத்தெருவுலதான் நிக்கணும். வேலை போனா இந்த ரெண்டு ரூமும் போச்சு. மண்டையில ஏறுதா?"

"ஏறுது."

"உன்கிட்ட சொல்ல எனக்கு இஷ்டமே கிடையாது. வேற வழி இல்லாமதான் சொல்றேன். உன் வாய் எப்படிப்பட்டதுன்னு எனக்குத் தெரியும்."

"ஊருக்கே தெரியும் அண்ணி. சொல்லுங்க, சாம்பல் காயுது."

"உங்க அண்ணனுக்கு வாசனை தெரியல. காய்ச்சலோட போயிருச்சு."

நாத்தனார் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அப்படியா" என்றாள்.

"என்னடி அப்படியா? கூடப் பிறந்தவனுக்கு மூக்கே போச்சுங்கறேன், மழை வருதுன்னு சொன்ன மாதிரி அப்படியாங்கற?"

நாத்தனார் கையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தாள். "ஐயையோ" என்றாள், கொஞ்சம் தாமதமாக. "பாவமே. எப்பலேருந்து?"

"இப்பத்தானே சொன்னேன், காய்ச்சலோடன்னு. கவனம் எங்க இருக்கு? இப்பவே எந்தக் கடையில எப்படிச் சொல்லலாம்னு கோத்துக்கிட்டு இருக்கியா?"

"இல்ல அண்ணி. நான் என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க."

"என் சளி விடற வரைக்கும் அடுப்புகிட்ட நில்லு. எப்பத் திருப்பணும், எப்ப எடுக்கணும்னு நான் சொல்லித் தர்றேன்."

"ஏதோ தெரிஞ்ச வரைக்கும் பாக்கறேன்" என்றாள் நாத்தனார்.

மறுநாள் வந்த ரொட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தபோது பூட்டக்காவுக்குச் சந்தோஷப்படுவதா சந்தேகப்படுவதா என்று தெரியவில்லை. மேலோடு ஒரே சீராகச் சிவந்திருந்தது. விரலால் தட்டினால் டொக்கென்றது. அவள் இருமி எடுத்த ரொட்டியைவிட நன்றாக இருந்தது. டீக்கடைகளில் இருந்து கூடுதலாகக் கேட்டு அனுப்பினார்கள்.

ஆனால் ரொட்டி போகிற வழியில்தான் அந்த வாயும் போகிறது. சைக்கிள் மணி கேட்டு மறைந்ததும் பூட்டக்கா மனசுக்குள் அவள் பின்னாலேயே போக ஆரம்பித்துவிடுவாள். இப்போது முதல் கடையில் நிறுத்தியிருப்பாள். இப்போது பெட்டியைத் திறந்திருப்பாள். இப்போது, "ஒரு சேதி தெரியுமா?" என்று ஆரம்பித்திருப்பாள். ரகசியத்தை வாங்கி வைத்து மட்டுமே பழகியவளுக்கு, கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பது எப்படி என்று தெரியவில்லை. கொடுத்தவர்கள் எல்லாம் படியிறங்கி எப்படித்தான் நிம்மதியாகப் போனார்களோ.

பொறுக்கமுடியாமல் தையல்காரர் மனைவியிடம் நூல் விட்டுப் பார்த்தாள்.

"எங்க நாத்தனா உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

தையல்காரர் மனைவி வாயைப் பிளந்தாள். பூட்டக்கா இதுவரை யாரிடமும் ஒரு கேள்வி கேட்டு அவள் பார்த்ததில்லை.

"எதைப் பத்திக்கா?"

"ஒண்ணுமில்ல. மாஸ்டரைப் பத்தி ஏதாச்சும்."

"மாஸ்டருக்கு என்ன?"

"அவருக்கு ஒண்ணுமில்ல, கல்லு மாதிரி இருக்காரு. அவ ஏதாவது உளறுவா. சொன்னா நம்பாத, என்கிட்ட வந்து சொல்லு."

"சரிக்கா" என்று தையல்காரர் மனைவி பன்னைக்கூட வாங்காமல் போனாள்.

டீச்சரம்மாவிடம் இன்னும் சாமர்த்தியமாகக் கேட்டதாகப் பூட்டக்காவுக்கு நினைப்பு. "டீச்சர், காய்ச்சல் வந்தா சில பேருக்கு ஏதேதோ போயிரும்னு ஒரு புரளி கிளப்பி விடறாங்களே, அப்படி எங்க வீட்டைப் பத்தி மைக்செட் ஏதாச்சும் சொல்லிக்கிட்டுத் திரியறாளா?" என்றாள். டீச்சரம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "என்ன போயிரும்?" என்றார். மருந்துக்கடைக்காரரிடம் போகும்போது பொறுமை சுத்தமாகப் போய்விட்டது. "மூக்கு, நாக்குன்னு அவ எதையாவது சொன்னா காதுலயே போட்டுக்காதீங்க" என்று நேரடியாகவே சொன்னாள். மூன்று பேரும் தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள். எவ்வளவு அழுத்தமாக மறைக்கிறார்கள் பார், அவள் நன்றாகத்தான் பரப்பியிருக்கிறாள் என்று பூட்டக்கா தீர்மானித்துக்கொண்டாள்.

முதலாளி மழை விட்டிருந்த ஒரு முற்பகலில் வந்தார். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். நாத்தனார் சுற்று முடித்துப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். முதலாளி மாஸ்டரை முன்பக்கம் வரச் சொன்னார். சட்டைப் பையில் இருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தார்.

"கேக்குக்குப் புது எசன்ஸ் வந்திருக்கு மாஸ்டர். எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

மாஸ்டர் பாட்டிலை மூக்கில் வைத்து நன்றாக இழுத்தார். மனைவியைப் பார்த்தார். அவளுக்கும் மூக்கு அடைத்துக்கிடந்தது. தங்கை ஒரு அடி முன்னால் வந்தாள், அதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"நல்லாருக்கு முதலாளி. மணமா இருக்கு. போடலாம்."

கடையில் நின்றவர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் சிரித்தேவிட்டான்.

"இது கக்கூஸ் கழுவுற பினாயில் மாஸ்டர்" என்று முதலாளி மூடியைத் திருகினார்.

மாஸ்டரின் காது வரை சிவந்தது. பூட்டக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. நேரே நாத்தனாரிடம் போய் அவள் கையில் இருந்த பெட்டி மூடியைப் பிடுங்கி எறிந்தாள்.

"ஓட்டை வாய்! சொன்னேனேடி, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! கூடப் பிறந்தவன் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே! நீயெல்லாம் ஒரு தங்கச்சியா? புருஷன் துரத்தினது சும்மாவா? போ வெளிய. இந்தப் படி ஏறினா காலை ஒடிப்பேன்!"

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். மாஸ்டர் குனிந்து பெட்டி மூடியைப் பொறுக்கினார். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சைக்கிளைக்கூட எடுக்காமல் நடந்து போய்விட்டாள். வாய் மூடாத மைக்செட் ஒரு வார்த்தை பேசாமல் போனதைத் தெருவே வேடிக்கை பார்த்தது.

முதலாளி நாற்காலியை நிமிர்த்திப் போட்டு அதில் உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணை ஏம்மா திட்டுறீங்க?"

"வேற யாரு முதலாளி சொல்லியிருப்பா?"

"நேத்து டீக்கடையில வெச்சு நானே அவகிட்ட கேட்டேன். எங்கண்ணன் மூக்கு நாலு தெரு தள்ளிக் கருகினாலும் கண்டுபிடிக்கும், வேணும்னா உங்க வீட்டுச் சமையலைச் சொல்லச் சொல்லவான்னு என்னையே மடக்கிட்டா. எனக்குச் சேதி வந்தது தையல்காரர் வீட்டுலேருந்து. அவங்க டீச்சர்கிட்ட, டீச்சர் மருந்துக்கடையில. மூணு பேரும் ஒண்ணாச் சேந்து, ஆளுக்குக் கொஞ்சமா வெச்சுக்கிட்டு இருந்ததை ஒட்டிப் பாத்திருக்காங்க. எல்லாம் நீங்க கேட்ட கேள்வியிலேருந்துதானாம்மா."

பூட்டக்கா கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். கடையில் நின்றவர்களில் ஒருவரும் அவளை நேராகப் பார்க்கவில்லை. அவளுக்கு நன்றாகப் பழக்கமான ஒரு சுழிப்பு இரண்டு மூன்று உதடுகளில் தெரிந்தது.

"சரி, விடுங்க" என்றார் முதலாளி, கொட்டாவி விட்டபடி. "ரொட்டி நல்லா இருக்கு இப்ப. கேட்டு வாங்குறாங்க. எனக்கு யார் மூக்கா இருந்தா என்ன? உங்க மூக்கு இல்லைன்னு தெரியுது. அந்தப் பொண்ணுதான?"

"ஆமாங்க" என்றார் மாஸ்டர்.

"அப்ப அவ அடுப்படியில நிக்கட்டும், நீங்க வேலை செய்யுங்க. அவ இல்லைன்னா ரூமைக் காலி பண்ணிருங்க, நான் கரண்ட் அடுப்பு போட்டுக்கறேன். அடுத்த ஈடு வேகற வரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பேன்."

உள்ளே மாவு பொங்கித் தட்டின் விளிம்புக்கு வந்திருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் புளித்துவிடும். மாஸ்டர் அடுப்பில் இருந்து தணலை ஒதுக்கப் போய்விட்டார்.

சைக்கிள் கடை மாடிப்படி குறுகலாக, மழையில் வழுக்கியது. பூட்டக்கா ஏறிப் போனபோது நாத்தனார் ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"வா. மாவு பொங்கிருச்சு" என்றாள் பூட்டக்கா. மன்னிப்பு என்ற சொல்லை அவள் வாய் பழகியிருக்கவில்லை. "முதலாளி எல்லாம் சொன்னாரு. நீ சொல்லலையாம்."

"உக்காருங்க. ரெண்டு வாய் இருக்கு, முடிச்சுட்டு வர்றேன்."

"கோபம் இல்லையா உனக்கு?"

"இருக்கு. அண்ணனுக்காக வர்றேன்."

பூட்டக்கா நின்றுகொண்டே இருந்தாள். "ஊர்க்கதையெல்லாம் கடைகடையா வித்துட்டு, இதை மட்டும் எப்படிடி அடக்கின?"

"ஊர்க்கதை சும்மா சிரிக்கறதுக்கு அண்ணி. அதுல யாரு வீடு போகப்போகுது?" நாத்தனார் தட்டைக் கழுவி வைத்தாள். "அப்புறம், நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்களா?"

"பின்ன?"

"காய்ச்சல் விட்ட அன்னிக்கே அண்ணன் சொல்லிட்டான். தினமும் காலையில அடுப்படியில நின்னு நான் வம்பளந்துகிட்டு இருந்தேன்னுதான உங்களுக்கு நெனப்பு? அவனுக்குத் திருப்பு, எடுன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். உங்களுக்குக் கேட்டுறக் கூடாதுன்னு நடுநடுவுல கதை பேசினேன். அந்தக் கல்யாணத்துக்குப் போன ஒருநாள்தான் மண்ணெண்ணெய்ல மாட்டிக்கிட்டான். அப்புறம் நீங்க என்னைத் துரத்திவிட்டீங்க."

பூட்டக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "என்கிட்ட சொல்லாம உன்கிட்டயா சொன்னாரு? நான் யார்கிட்ட போய்ச் சொல்லப் போறேன்? என்னைப் பத்தித் தெரியாதா அவருக்கு?"

"தெரியும். நீங்க சொல்லமாட்டீங்கன்னு அவனுக்கு நல்லாத் தெரியும்."

"அப்புறம் என்ன பயம்?"

"வேண்டாம் அண்ணி, மாவு புளிச்சுரும். வாங்க போலாம்."

"சொல்லிட்டு வா."

நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "நீங்க யாருக்கும் சொல்லமாட்டீங்க. உள்ள வெச்சுக்குவீங்க. வெச்சுக்கிட்டு அவங்களைப் பாப்பீங்க, அவங்க போற வரைக்கும். மத்தவங்க பன்னை வாங்கிக்கிட்டுப் போயிருவாங்க. அவன் எங்க போவான்? உங்ககூடத்தான இருந்தாகணும்."

இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். ஏதாவது சொல்லி இவளை மட்டம் தட்ட வேண்டும் என்று பூட்டக்கா வழியெல்லாம் தேடினாள், ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த ஈடு நன்றாக வந்தது. நாத்தனார் அடுப்பு வாயருகே கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஒளிவுமறைவு இல்லாமல், "திருப்புண்ணே" என்றாள், "எடுண்ணே" என்றாள். முதலாளி ஒரு ரொட்டியைச் சூட்டோடு பிட்டுத் தின்றுவிட்டு, மிச்சத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு காரில் ஏறினார். வீடு தப்பியது.

கூட்டம் கலைந்ததும் பூட்டக்கா அடுப்படிக்கு வந்தாள். மாஸ்டர் கரி படிந்த கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க."

"ம்?"

"என்கிட்ட சொல்லாம வெச்சிருக்கிறது வேற ஏதாச்சும் இருக்கா?" திட்டுகிற குரலில் கேட்கவில்லை. கேட்ட பிறகு அது தன் குரல்தானா என்று அவளுக்கே தோன்றியது.

மாஸ்டர் முதலில் தங்கையைப் பார்த்தார். தங்கை தலையைக் குனிந்துகொண்டு காலித் தட்டுகளை அடுக்கினாள்.

"ஒண்ணுமில்லையே" என்றார் மாஸ்டர்.

யார் முகத்தில் எது ஒளிந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகியவள் அவள். "ம்" என்றாள். முன்பக்கம் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த சத்தம் கேட்கும்வரை பின்னால் ஒரு பேச்சும் இல்லை. அதற்கப்புறம் அண்ணனும் தங்கையும் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார்கள்.